ஏட்டுப் பிள்ளையும் மெய்ப் பிள்ளையும்

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலண்டன் மாநகரிலே மூன்று பிள்ளைகள் பத்திரிகையாளர் முன்னிலையில் நிறுத்தப்பட்டனர். ஒருவன் பதினொரு வயது நிரம்பி ஒரு மாதமே ஆகியிருந்த டானியல் ரட்கிளிப். மற்றவன் பன்னிரண்டாவது பிறந்தநாளை அண்மித்திருந்த ரூபேட் கிறின்ற். மூன்றாமவள் பத்து வயதுச் சிறுமி எமா வொட்சன். ஜே. கே. ரௌலிங் எழுதிய 'ஹரி பொட்டர்' நாவல் வரிசையைப் படமாக்க முனைந்தோர், ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பரீட்சித்துப் பார்த்தபின் தெரிந்தெடுத்த மூவர் இவர்கள். தாம் நடிக்கப்போகும் கதை எங்கே போய் முடியும் என்பது அம்மூவருக்கும் அன்று தெரியாது. அவர்களைத் தெரிந்தெடுத்தோருக்கும் தெரியாது. ஏழு நூல்களாகத் திட்டமிடப்பட்ட அவ்வரிசையில் அன்றுவரை நான்கே வெளிவந்திருந்தன. மந்திரவித்தை பயிலும் அச்சிறுவன் இறுதியில் வாழ்வானா, மாள்வானா என்பதை அறிந்தவர் ஆசிரியை ஒருவரே.

நூலொன்று படமாகும்போது எழும் வாதம் பெரும்பாலும் ஒரே தடத்திற் செல்வதைக் காணலாம். எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள், எந்தப் பாத்திரத்தைக் குறுக்கினார்கள் என்று வாசகர் கணக்குப் பார்ப்பர். பாடசாலை மண்டபங்களிற் குழப்பம் விளைவிக்கும் பீவ்ஸ் என்னும் குறும்புப் பேய் எட்டுப் படங்களுள் ஒன்றிலேனும் தலைகாட்டவில்லையே என்று ஹரி பொட்டர் வாசகர் குறைப்படுவதும் இவ்வகையினதே. அக்குறை நியாயமானதாகவும் இருக்கலாம். ஆயின், சிறுவர்க்கான கற்பனை நாவல் வரிசையொன்றை மனிதரே தோன்றி நடிக்கும் திரைப்படமாக ஆக்க முற்படும்போது அதனினும் ஆழமான வேறொரு பிரச்சினை தலைதூக்குகின்றது. அது காலம் பற்றிய பிரச்சினை. ஏட்டிலுள்ள பிள்ளை, எழுதுபவர் வளர்க்கும்போது மாத்திரமே வளர்வான். எழுதுபவர் பேனாவைக் கீழே வைத்தால் அவனும் அந்த வயதிலேயே காத்திருப்பான். மெய்யான பிள்ளையோ எவரையும் கேட்டு வளர்வதில்லை.

இப்பிரச்சினையைத் தவிர்க்க வழியில்லாமல் இல்லை. ஹரி பொட்டரைப் படமாக்கும் பேச்சுத் தொடங்கிய காலத்தில் அமெரிக்க நெறியாளர் ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் அதில் நாட்டங் கொண்டிருந்தார். அதனைக் கார்ட்டூன் படமாக எடுக்கலாம் என்ற யோசனையும் அவரிடம் இருந்தது. கோடுகளாலும் வர்ணங்களாலும் ஆன பிள்ளைக்குக் குரல் உடைவதில்லை, பல் விழுவதில்லை, மீசை அரும்புவதில்லை. வரிசையின் முதற் படத்துக்கும் இறுதிப் படத்துக்குமிடையே எத்தனை ஆண்டுகள் கழியினும் அப்பிள்ளை வேண்டிய வயதில் நிற்பான். எனினும் அந்த யோசனை நிறைவேறவில்லை. தயாரிப்பாளர் டேவிட் ஹேமனும் முதலிரு படங்களின் நெறியாளர் கிறிஸ் கொலம்பஸும் இரத்தமும் சதையுமான பிள்ளைகளையே தேடினர். அத்தெரிவின் பயனும் விலையும் அடுத்த பத்தாண்டுகளிற் புலனாயின.

இவ்விடத்தில் முன்னோடியான ஒருவரின் அச்சத்தை நினைவுகூர்தல் தகும். 'நார்னியா' வரிசையின் ஏழு நூல்களையும் 1950 முதல் 1956 வரை எழுதி வெளியிட்ட சி. எஸ். லூயிஸ், 1959இல் வானொலித் தயாரிப்பாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலே, தம் கதைகள் தொலைக்காட்சியில் வருவதைத் தாம் முற்றாக எதிர்ப்பதாகத் தெரிவித்தார். வானொலி நாடகத்தை அவர் மறுக்கவில்லை. கார்ட்டூன் படமாயின் அது வேறு விடயம் என்றும் கருதினார். அவரை வருத்தியது அஸ்லான் என்னும் சிங்கமே. தெய்வத்தன்மை பொருந்திய அச்சிங்கத்தை, தோல் போர்த்த மனிதனாகவோ பொம்மையாகவோ காண்பது அவருக்கு நிந்தனையாகப் பட்டது. லூயிஸ் 1963இற் காலமானார். 2005இல் நார்னியாவின் முதற் பெரும் திரைப்படம் வெளிவந்தபோது, பிடரி மயிர் காற்றில் அசைய நடந்துவந்த சிங்கத்தைக் கணினி ஆக்கிக் கொடுத்தது. லூயிஸ் அஞ்சிய இடர் பெரும்பாலும் நீங்கிற்று எனலாம். அவர் எண்ணியும் பாராத இடர் மட்டும் நீங்கவில்லை. அது பிள்ளைகளின் வளர்ச்சி.

நார்னியாவைப் பொறுத்தவரையில் இவ்விடர் ஓரளவு தணிந்தே இருந்தது. வளர்ந்துவிட்ட பிள்ளைகள் இனி நார்னியாவுக்கு வரலாகாது என்ற விதியை நூலாசிரியரே கதைக்குள் வைத்திருந்தார். மூத்தவர் இருவர் ஒரு நூலின் முடிவிலும், இளையவர் இருவர் மற்றொரு நூலின் முடிவிலும் விடைபெறுகின்றனர். வேறு பிள்ளைகள் வருகின்றனர். அவ்வாறிருந்தும் அத்திரைப்பட வரிசை 2005, 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று படங்களோடு நின்றுபோயிற்று. பிலிப் புல்மனின் மூன்று நாவல்களுக்கு நேர்ந்தது இதனினும் கடுமையானது. அவற்றின் முதல் நூல் 2007இற் படமாகியபோது, அந்நூலின் துயரமான இறுதி அத்தியாயங்கள் அடுத்த படத்துக்கென ஒதுக்கப்பட்டன. அடுத்த படமோ வரவேயில்லை. லைரா என்னும் நாயகியாக நடித்த சிறுமி, ஆகாயக் கப்பலில் நம்பிக்கையோடு பயணம் செய்துகொண்டிருக்கும் நிலையிலேயே கதை அவளைக் கைவிட்டது. 2019இல் தொலைக்காட்சித் தொடர் அக்கதையை மீண்டும் எடுத்து 2022இல் முடித்துவைத்தபோது, லைராவாக நடித்தவர் வேறொரு பிள்ளை. முன்னவர் அதற்குள் வளர்ந்து பெண்ணாகிவிட்டார்.

இவற்றோடு ஒப்புநோக்கும்போது ஹரி பொட்டர் படங்களின் தனித்தன்மை துலங்கும். 2001 முதல் 2011 வரை எட்டுப் படங்கள் வெளிவந்தன. நான்கு நெறியாளர்கள் மாறினர். முதன்மைப் பிள்ளைகள் மூவரும் மாறவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார். உள்ளத்து நிகழ்ச்சி உடம்பின்வழிப் புலப்படுதலே மெய்ப்பாடு. கற்பனைக் கதையிற் பிள்ளைக்கு உரியது மருட்கை, அதாவது வியப்பு. பறக்கும் விளக்குமாற்றையும், பேசும் ஓவியத்தையும், மூன்று தலை நாயையும் கண்டு அவன் வியக்கவேண்டும். படப்பிடிப்புத் தளத்திலோ அவன் முன்னே பெரும்பாலும் நீலத் திரையொன்றே இருந்தது. நாயும் நாகமும் பல மாதங்களின் பின்னரே கணினியிற் பிறக்கும். இல்லாத பொருளை நோக்கி உள்ள உடம்பு வியக்கவேண்டும் என்பதே அப்பிள்ளைகளிடம் கேட்கப்பட்ட தொழில்.

உடம்பும் எழுத்துக்கு எளிதிற் கட்டுப்படவில்லை. நூலிலே ஹரியின் கண்கள் பச்சை நிறத்தன. ரட்கிளிப்பின் கண்களோ நீலம். பச்சை வில்லைகளை அணிவித்துப் பார்த்தனர். சிறுவனின் கண்கள் அவற்றை ஏற்கவில்லை. ஆசிரியையிடம் வினவியபோது, நிறம் முக்கியமன்று, தாயின் கண்களைப்போல் அவை இருப்பதே முக்கியம் என்று விடை கிடைத்தது. நூலிலே ஹேர்மயனிக்கு முன்பற்கள் துருத்தியவை. எமா வொட்சனுக்குப் பொய்ப்பற்கள் பொருத்தியபோது அவளாற் சரியாகப் பேச முடியவில்லை, அவையும் கைவிடப்பட்டன. இவை சிறு செய்திகளே. ஆயினும் நூலுக்கும் நடிக்கும் பிள்ளைக்குமிடையே முரண் எழுந்த அவ்வேளைகளில் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

சிறுவரை நடிப்பிக்க முற்படுவோரைப் பிரித்தானியச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. பிள்ளையொன்று தளத்தில் நிற்கக்கூடிய நேரத்துக்கு எல்லை உண்டு. அதனிடையே பாடமும் நடைபெறல் வேண்டும். லீவ்ஸ்டனிலே முன்பு விமானத் தொழிற்சாலையாக விளங்கிய இடமே படத்தளமாக மாற்றப்பட்டிருந்தது. அங்கே மாயப் பள்ளியின் மாணவராக நடித்த பிள்ளைகள், விளக்குகள் அணைந்ததும் கணிதமும் ஆங்கிலமும் கற்கச் சென்றனர். நடிப்பிற் பழக்கமற்ற பிள்ளைகளின் கவனம் நெடுநேரம் நில்லாது என்பதை உணர்ந்த கொலம்பஸ், ஒரே வேளையிற் பல கமராக்களை இயக்கினார்; நீண்ட காட்சிகளைத் தவிர்த்தார். முதற் படத்தின் துண்டு துண்டான காட்சியமைப்பை ரசனைக் குறைவு எனக் கண்டித்த விமரிசகர், அதன் பின்னாலிருந்த பத்து வயதுப் பிள்ளையின் களைப்பைக் கருத்திற் கொள்ளவில்லை. இரண்டு படங்களை முடித்ததும் கொலம்பஸ் நெறியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். தம் சொந்தப் பிள்ளைகளோடு இராப்போசனம் உண்ணவும் நேரமில்லாது போயிற்று என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. பிறர் பிள்ளைகளின் வளர்ச்சியைப் படமாக்கிக்கொண்டிருந்தவர், தம் பிள்ளைகளின் வளர்ச்சியைக் காணாது போய்விடுவோமோ என அஞ்சினார் போலும்.

அவரை அடுத்து மூன்றாம் படத்தை ஏற்ற மெக்சிக்க நெறியாளர் அல்பொன்சோ குவாரோன், பதின்ம வயதை எட்டியிருந்த மூவரையும் தத்தம் பாத்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி வருமாறு பணித்தார். ரட்கிளிப் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். வொட்சன் பல பக்கங்கள் எழுதி வந்தாள். கிறின்ற் ஒன்றுமே எழுதவில்லை. கதையிலுள்ள ஹரியும் ஹேர்மயனியும் ரொனும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்பதை அந்நூல்களைப் படித்த எவரும் அறிவர். பாத்திரம் பிள்ளைக்குள் இறங்கியதா, பிள்ளை பாத்திரத்துக்குள் இறங்கியதா என்று பிரித்துச் சொல்ல முடியாத கட்டம் அது. 2004இல் வெளிவந்த அப்படத்திலே மூவரும் பள்ளிச் சீருடையைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடையில் நடமாடுவதும், சட்டென்று சினங்கொள்வதும், ஒருவரையொருவர் கடைக்கண்ணால் அளப்பதும் நடிப்பாகவே தோன்றவில்லை.

இரண்டாம் படம் வெளிவருமுன்பே, 2002 ஒக்ரோபரில், தலைமையாசிரியர் டம்பிள்டோராக நடித்த றிச்சட் ஹரிஸ் காலமானார். பேத்தியின் வற்புறுத்தலுக்காகவே அப்பாத்திரத்தை ஏற்றவர் அவர். அவருடைய இடத்துக்கு மைக்கல் கம்பன் வந்தார். நீண்ட தாடியும் அங்கியும் அம்மாற்றத்தைப் பெரிதும் மறைத்தன. பார்வையாளர் சிறிது முணுமுணுத்தபின் ஏற்றுக்கொண்டனர். முதியவரை மாற்றிவிடலாம். உலகத்தின் கண்முன்னே முகம் திரண்டுவந்த பிள்ளையை மாற்ற எவருக்கும் துணிவு வரவில்லை. இதனை மறுபுறமாக நோக்கினால், அப்பிள்ளைக்கு வெளியேறும் வாயிலும் குறுகிற்று எனலாம். ஐந்தாம் படத்தை அண்மித்த காலத்தில் இனி நடிப்பதா என்று தாம் தயங்கியதையும், அப்புகழ் என்றைக்குமாகத் தம்மைப் பற்றிக்கொண்டதை உணர்ந்து அஞ்சியதையும் எமா வொட்சன் பல ஆண்டுகளின் பின்னர், 2022இல் ஒளிபரப்பான நினைவுமீட்டல் நிகழ்ச்சியிலேயே மனந்திறந்து கூறினார். அத்தகைய எண்ணம் தமக்கும் எழுந்ததாகக் கிறின்ற்றும் கூறினார். பல ஆண்டுகள் ஒரே தளத்தில் அருகருகே நின்ற அவ்விருவரும் அத்தயக்கத்தை அந்நாளில் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளவில்லை.

உடம்பு செலுத்திய விலைகளுள் மிகப் பெரியது வேறொருவருடையது. விளக்குமாற்றிலிருந்து ஹரி தூக்கி வீசப்படும் காட்சிகளில், முதற் படந்தொட்டே ரட்கிளிப்புக்குப் பதிலாக வீசப்பட்டவர் டேவிட் ஹோம்ஸ் என்னும் சாகச நடிகர். 2009 ஜனவரியில் ஒத்திகையொன்றின்போது அவர் சுவரில் மோதுண்டு முள்ளந்தண்டு முறிந்து, மார்புக்குக் கீழே இயக்கமிழந்தார். நூலிலே ஹரியின் கை முறியும். எலும்பை இரவோடிரவாக வளர்க்கும் மருந்தொன்று அங்கே உண்டு. ஏட்டு உடம்புக்கு எழுதப்பட்ட அந்த மருந்து மெய் உடம்புக்குக் கிடையாது. 2023இல் வெளிவந்த ஆவணப்படமொன்று ஹோம்ஸின் வாழ்வைக் கூறுகின்றது. அதன் நிறைவேற்றுத் தயாரிப்பாளர்களுள் ரட்கிளிப்பும் ஒருவர்.

முடிவு தெரியாத கதையைப் படமாக்கியோர் இருட்டிற் கால்வைப்பதுபோலவே நடக்கவேண்டியிருந்தது. ஐந்தாம் படத்தில் கிறீச்சர் என்னும் குற்றேவற் பூதத்தை நீக்கிவிட எண்ணியபோது, அது பின்னர் தேவைப்படும் என்று ஆசிரியை எச்சரித்தார். ஸ்னேப் பாத்திரமேற்ற அலன் றிக்மனுக்கு மட்டும் அப்பாத்திரத்தின் உள்மர்மம் பற்றிய குறிப்பொன்றை அவர் முன்கூட்டியே தெரிவித்திருந்தார். நாயகனாக நடித்த பிள்ளையோ மற்றைய வாசகரைப்போலவே காத்திருந்தான். ஏழாம் நூல் வெளிவந்த நாள் 2007 ஜூலை 21. ரட்கிளிப்பின் பதினெட்டாவது பிறந்தநாள் ஜூலை 23. தன் பாத்திரம் உயிர்பிழைக்கும் என்ற செய்தியும் பிள்ளைப் பருவம் சட்டப்படி முடிந்தது என்ற செய்தியும் இரு நாள் இடைவெளியில் அவ்விளைஞனை வந்தடைந்தன.

அதற்கப்பாலும் மூன்று படங்கள் எஞ்சியிருந்தன. கதையின் ஏழு ஆண்டுகளைப் படமாக்கப் பத்தாண்டுகள் சென்றமையால், பதினேழு வயது ஹரியை இருபது வயது கடந்த ரட்கிளிப் நடிக்க நேர்ந்தது. கதையின் முடிவுரையோ பத்தொன்பது ஆண்டுகள் தாண்டிச் செல்கின்றது. கிங்ஸ் குறொஸ் புகையிரத நிலையத்திலே, பெற்றோராகிவிட்ட பழைய மாணவர்கள் தம் பிள்ளைகளை அதே பள்ளிக்கு வழியனுப்புகின்றனர். 2010இல் அக்காட்சியை எடுத்தனர். திருப்தியில்லாமல் அவ்வாண்டு டிசெம்பரில் மீண்டும் எடுத்தனர். பதினொன்றிலிருந்து இருபது வரையான வளர்ச்சியை இயற்கை தானே அளித்தது. இருபதிலிருந்து முப்பத்தேழுக்குச் செல்ல ஒப்பனையாளரின் பசையும் மாவும் தேவைப்பட்டன. அவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டைத் திரையரங்கில் இருந்த சிறு பிள்ளைகளும் கண்டுகொண்டனர். அதே இறுதிப் படத்திலே ஹரியின் தாயைச் சிறுமியாகக் காட்டிய காட்சியில், அச்சிறுமியின் கண்கள் கபில நிறமாக இருந்தன. தாயின் கண்களைப்போல் இருப்பதே முக்கியம் என்று ஆசிரியை விதித்த ஒரே நிபந்தனை கடைசியில் மறக்கப்பட்டது. வாசகர் அதனை மறக்கவில்லை.

இத்துணைக்குப் பின்னரும் அப்படங்கள் எதனைச் சாதித்தன என்று வினவுதல் நியாயமே. எட்டுப் படங்களையும் தொடர்ந்து பார்ப்பவர் ஏறத்தாழ இருபது மணித்தியாலத்தில் மூன்று மனிதரின் பிள்ளைப்பருவம் கடந்துபோவதைக் காண்கின்றார். கன்னத்துச் சதை வற்றுகின்றது, குரல் தடிக்கின்றது, முதற் படத்தில் எட்டாதிருந்த மேசை இறுதிப் படத்தில் இடுப்பளவாகின்றது. எழுத்தினாலோ கோட்டுச் சித்திரத்தினாலோ இதனைத் தர இயலாது. நூலைப் படிக்கும் பிள்ளை, ஹரி வளர்ந்தான் என்று அறிந்துகொள்கின்றது. படத்தைப் பார்க்கும் பிள்ளை அவ்வளர்ச்சியைக் கண்ணாற் காண்கின்றது. அதற்கு ஈடாக ஒன்றை இழக்கவும் செய்கின்றது. 1997இல் முதல் நூல் வெளிவந்தபோது, படித்த ஒவ்வொரு பிள்ளையிடமும் ஹரிக்குத் தனித்தனி முகம் இருந்தது. 2001இன் பின்னர் படிக்கத் தொடங்கியோருள் மிகப் பலருக்கு ஒரே முகந்தான்.

அந்த முகமும் இப்பொழுது மாறுகின்றது. இதே ஏழு நூல்களையும் தொலைக்காட்சித் தொடராக மீண்டும் ஆக்கப்போவதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடையே தெரிந்தெடுக்கப்பட்ட புதிய மூவரின் பெயர்கள் 2025இல் வெளியாயின. முன்னவரிலும் இவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கதையின் முடிவு இவர்களுக்குத் தெரியும். இவர்களின் பெற்றோருக்கும் தெரியும். பழைய மூவரும் எதனைப் பெற்றனர், எதனை இழந்தனர் என்பதும் தெரியும். புதிய தொடர் நூலுக்கு எவ்வளவு விசுவாசமாக அமையும் என்ற வாதம் இப்போதே தொடங்கிவிட்டது. பீவ்ஸ் வருவானா, ஹரியின் கண்கள் பச்சையாக இருக்குமா என்ற வினாக்கள் அதன் உள்ளே அடங்கும். நூலுக்கு விசுவாசமாக இருத்தல் நன்றே. ஆனால் நூல் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். தவறிப் படமாக்கப்பட்ட நூல் மறுநாளும் அலுமாரியில் அதே சொற்களோடு இருக்கும். பிள்ளைப்பருவம் அவ்வாறு திரும்பக் கிடைப்பதில்லை. ஆகவே, பதினொரு வயதில் கமராவின் முன்னே வந்து நின்ற அப்பிள்ளைகள், பத்தாண்டுகளின் பின் எந்நிலையில் வீடு திரும்பினர் என்ற வினாவே அத்தொடரை மதிப்பிட முனைவோர் முதலிற் கேட்கவேண்டியது.